வாடகைக்கு விட வீடு வாங்குமுன்

கனடாவில் சொந்தத் தொழில் செய்யும் அன்பர்கள் சிலர், "கையில் காசிருந்தும் வங்கி கடன் தருகுதில்லையே" என்று கவலைப்படுகிறார்கள். காரணம் நாம் கொடுத்த கணக்கே. 60,000 டொலர் வரவுக்கு 40,000 செலவெழுதினால் வங்கி காண்பது 20,000 மட்டுமே. பெரும்பாலும் இரண்டு வருட வரி மதிப்பீட்டுப் பத்திரம் கேட்பார்கள். ஆகவே வீட்டுச் செலவைத் தொழிற் செலவோடு கலக்காமல், இரண்டு வருடம் முன்பே ஆயத்தமாகுங்கள். தாம் குடியிராத வாடகை வீட்டுக்குக் குறைந்தது 20 வீதம் முற்பணமும் வேண்டும்.

வாங்கியபின் ஒன்றை மறவாதீர்கள்: தவணையில் வட்டி மட்டுமே செலவு; முதல் செலவல்ல. ஆண்டு வாடகை 24,000. வட்டி, சொத்துவரி, காப்புறுதி, திருத்தம் 19,000. முதலுக்குக் கட்டியது 5,000 எனில் கையில் சதமும் மிஞ்சாது. ஆனால் தேய்மானம் கழிக்காவிட்டால் அந்த 5,000க்கு வரி உண்டு. அதற்கும் மாதாமாதம் ஒதுக்கி வையுங்கள்.