சூறாவளியும் கமக்காரரும்

1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆந் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியிலே 900க்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்மாவட்டத்துத் தென்னந்தோட்டங்களிற் பெரும்பகுதி ஒரே இரவிற் சாய்ந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா, காற்றின் வேகத்தால் அளக்குமிடத்து, அதனினும் மிகத் தாழ்ந்ததே. எனினும் அதன் மழையாலும் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வயல்கள் பரந்த அளவில் நீரில் மூழ்கின. சூறாவளியை எவ்வாறு அளக்கின்றனர் என்பதை அறிந்தோருக்கு இது புதிராகத் தோன்றாது.

கடலின் மேல்நீர் ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமுற்றிருக்கும்போது ஈரக்காற்று மேலெழுகின்றது. மேலே நீராவி குளிர்ந்து முகிலாகும்பொழுது, அதனுள் அடங்கிய வெப்பம் வெளிப்பட்டுக் காற்றை மேலும் எழச் செய்கின்றது. கீழே அமுக்கங் குறைய, சுற்றிலுமிருந்து காற்று அவ்விடத்தை நோக்கி ஓடுகின்றது. பூமி சுழல்வதால் அக்காற்று நேரே சென்று சேராது, மணிக்கூட்டு முட்களுக்கு எதிர்த்திசையிற் சுழல்கின்றது. மத்தியகோட்டுக்கு ஏறத்தாழ 5 பாகைக்குள் இச்சுழற்சி உருவாதல் அரிது. இலங்கை 6 முதல் 10 பாகை வரையிற் கிடப்பதால் நாம் அவ்வெல்லைக்கு அணித்தாகவே வாழ்கின்றோம்.

வங்காள விரிகுடாவில், மூன்று நிமிடங்களுக்குச் சராசரியாக எடுத்த காற்றின் வேகத்தைக் கொண்டே தரம் பிரிக்கின்றனர். மணிக்கு 31 கிலோமீற்றர் முதல் தாழமுக்கம். 50 முதல் ஆழ்ந்த தாழமுக்கம். 62 முதல் சூறாவளி. 89 முதல் கடுஞ் சூறாவளி. 118க்கு மேல் இன்னுங் கடுமையானவை. நடுக்கடலிற் காற்றுமானிகள் அரிதாதலால், செய்மதிப் படத்தில் முகில் சுருண்டிருக்கும் விதத்தைக் கொண்டு வேகத்தை மதிப்பிடுகின்றனர். இவற்றுள் எதுவும் மழையைக் கூறுவதன்று. "வெறும் தாழமுக்கந்தானே" என்று இருந்துவிடுவதிலுள்ள ஆபத்து இதுவே.

மழையின் அளவு, புயல் எவ்வளவு மெல்ல நகர்கின்றது என்பதைப் பெரிதுஞ் சார்ந்தது. புயல் தானாக வழி தேடுவதில்லை. உயரத்தில் வீசும் பெருங்காற்றோட்டமே அதனைப் பெரும்பாலும் மேற்கு அல்லது வடமேற்காகத் தள்ளிச் செல்கின்றது. அவ்வோட்டம் தளர்ந்தால் புயல் நின்றுவிடும். 2020 டிசம்பர் 2 ஆந் திகதி கிழக்குக் கரையைக் கடந்த புரெவி, பின்னர் மன்னார் வளைகுடாவிலே தங்கிவிட, யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலும் வயல்களிலும் வெள்ளம் நின்றது. 100 மில்லிமீற்றர் மழை ஓர் ஏக்கரில் ஏறத்தாழ நான்கு இலட்சம் லீற்றர் நீராகும்! ஆதலால் வானொலியிற் பெயரையுந் தரத்தையும் மட்டுங் கேட்டு அமையாது, நகரும் வேகத்தையும் எதிர்பார்க்கும் மழையின் அளவையும் கேட்டுக் குறித்துக்கொள்க.

வலுத்த காற்றுக்கு முதுகு காட்டி, திறந்த வெளியில் நின்றால், புயலின் மையம் இடக்கைப் பக்கம் இருக்கும். கப்பலோட்டிகள் நெடுங்காலம் கையாண்ட விதி இது. காற்று வடக்கிலிருந்து வீசினால் மையம் கிழக்கே உள்ளது. திசை மாறாது காற்று மேன்மேலும் வலுப்பின், மையம் உம்மை நோக்கியே வருகின்றது. வடமேற்கிலிருந்து மேற்காகத் திரும்பின் மையம் உமக்கு வடக்கே செல்கின்றது. வடகிழக்காகத் திரும்பின் தெற்கே செல்கின்றது. கடுங்காற்று திடீரென அடங்கினால் புயல் கடந்துவிட்டதென எண்ணி மாடு பார்க்க வெளியே செல்லற்க. அது மையத்தின் அமைதியாயிருக்கலாம். சிறிது நேரத்தில் எதிர்ப்புறத்திலிருந்து அதே வேகத்திற் காற்று வரும்.

எச்சரிக்கை கிடைத்ததும் யூரியா இடுவதை நிறுத்துக. இட்டது வெள்ளத்தோடு போம். வயல் வரம்புகளின் வடிகால் வாய்களைத் திறந்து, வாய்க்காலில் அடைத்த சல்பீனியாவை அகற்றுக. வெங்காயம், மிளகாய்ப் பாத்திகளுக்கு இடையே சால்களை ஆழமாக்குக. குலை ஈன்ற வாழைக்கு முட்டுக் கொடுத்து, ஓலைகளிற் சிலவற்றைக் கழித்துவிடுக. விதைநெல்லைப் பரணில் ஏற்றுக. மாடுகளைத் தாழ்நிலத்திற் கட்டிவைக்காது மேட்டுக்குச் செலுத்துக.

கிழக்குக் கரையிற் புயல் கடக்கும் இடத்திற்கு வடக்கேயுள்ள பகுதியிலே காற்று கடலிலிருந்து கரை நோக்கி வீசுவதால் உவர்நீர் ஏறக்கூடும். அவ்வாறு ஏறிய வயலில், நீரை உடனே வடித்து, மழைநீரைத் தேக்கி இரண்டு மூன்று முறை கழுவி விடுக. உவர்நீர் வயலிலேயே வற்ற இடங்கொடுத்தால் உப்பு மண்ணிலே தங்கிவிடும்.