மென்பொருள் கிட்டார் ஒலி ஆம்ப்பிலும் அப்படியே கேட்க

கணினியில் அமைத்த கிட்டார் ஒலி, நிஜ ஆம்ப்பில் மந்தமாகவோ கரகரப்பாகவோ கேட்பதுண்டு. சரிசெய்ய:

1. ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும், மென்பொருளின் ‘கேபினட்’ வசதியை அணைக்கவும். ஆம்ப்பின் ஸ்பீக்கரே அந்த வேலையைச் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒலி மங்கும்.

2. ஒலியை ஆம்ப்பின் ‘எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன்’ துளையில் கொடுக்கவும். முன்துளையில் கொடுத்தால் ப்ரீஆம்ப் தன் சாயலையும் ஏற்றிவிடும்.

3. கணினி ஒலியையும் ஆம்ப் ஒலியையும் சத்த அளவைச் சமமாக்கிய பிறகே ஒப்பிடவும். சத்தம் கூடினால் பாஸ் தூக்கலாகக் கேட்கும்.

4. மென்பொருளில் கெயினை முதலில் திருத்தி, பிறகு பாஸ், மிட், ட்ரெபிளுக்கு வரவும். கெயின் மாறினால் மற்றவையும் மாறும்.

5. ஆம்ப்பைக் காது உயரத்தில் வைத்துக் கேட்கவும். தரையில் இருந்தால் ட்ரெபிள் காதுக்கு வராமல் கால் மட்டத்திலேயே போய்விடும்.

6. வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் இணைக்காமல் இயக்க வேண்டாம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகலாம்.