திருத்த வேண்டியது பதிவேட்டில்

அன்புள்ள கதிருக்கு,

பெரியப்பா எழுதுவது. பேத்தியின் பிறப்புச் சான்றிதழை நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் பெரிதாக்கிப் பார்த்தேன். தாயின் பெயர் வெறும் 'செல்வி' என்று இருக்கிறது. மருமகளின் ஆதாரிலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் 'கலைச்செல்வி'. உன் பெயருக்கு இனிஷியலையும் காணோம். வீட்டில் கூப்பிடுகிற பெயரை யாரோ ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள், அது அப்படியே ஏறிவிட்டது. நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்த காலம் முழுக்க இந்த மாதிரிச் சான்றிதழோடு வந்து நிற்பவர்களைப் பார்த்தவன் நான். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் தள்ளிப்போடாதே.

நோட்டரியிடம் போய் 'இருவரும் ஒருவரே' என்று ஓர் அஃபிடவிட் வாங்கினால் போதும் என்று உன் நண்பர் சொன்னாராமே, அது வேண்டாம். அந்தக் காகிதத்தைப் பள்ளிக்கூடத்தில் ஒருமுறை, பாஸ்போர்ட் ஆபீசில் ஒருமுறை என்று பிள்ளை ஆயுசுக்கும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். ஒரு மேசையில் ஏற்பார்கள், அடுத்த மேசையில் திருப்பி அனுப்புவார்கள். பிழை எங்கே விழுந்ததோ அங்கேயே போய் எடு.

எங்கள் தலைமுறையில் இது இவ்வளவு பெரிய விஷயமாக இருந்ததில்லை. நம் வீட்டுப் பெரியவர்களில் பாதிப் பேருக்கு ஜூன் மாதம்தான் பிறந்தநாள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது வரவேண்டுமே என்று தலைமையாசிரியர் கணக்குப் போட்டு எழுதிய தேதி! அதை வைத்தே வேலை பார்த்து, ஓய்வூதியமும் வாங்குகிறோம். இனி அது நடக்காது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தை 2023-இல் திருத்திவிட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், ஓட்டுநர் உரிமம், திருமணப் பதிவு, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம் இந்தச் சான்றிதழ்தான். பேத்தி அந்தக் கணக்கில் வருகிறாள்.

நீ சென்னையில் இருக்கிறாய் என்பதற்காக அங்கே மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் போய் நிற்காதே. பிள்ளை எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவு. முதல் பிரசவம் தாய்வீட்டில் என்று நாம் வைத்திருக்கும் வழக்கத்தால் பாதிக் குடும்பங்களுக்கு இந்த அலைச்சல். நீ போக வேண்டியது உன் மாமனார் ஊருக்கு. சான்றிதழின் அடியில் எந்தப் பதிவாளர் என்று போட்டிருக்கும். ஆஸ்பத்திரியிலேயே பதிவு நடந்திருந்தால் அங்கே, இல்லையென்றால் உள்ளாட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பிரிவில்.

போனதும் மனுவை நீட்டாதே. முதலில் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல். பதிவேட்டில் 'கலைச்செல்வி' என்று சரியாக இருந்து சான்றிதழில் மட்டும் தவறி இருந்தால் வேலை சுலபம். பதிவேட்டிலேயே 'செல்வி' என்றால், அதே 1969-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி திருத்தம் கேட்க வேண்டும். இந்தப் பிரிவில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பழைய பதிவை யாரும் அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. முதலில் எழுதியது அப்படியே இருக்கும். சரியானதை ஓரத்தில் எழுதி, பதிவாளர் கையெழுத்தும் தேதியும் போடுவார். எது மாறியது, எப்போது மாறியது, யார் மாற்றியது என்று பிறகு வருகிற எவரும் பார்த்துக்கொள்ளலாம். அதனால்தான் அந்தப் பதிவேட்டுக்கு நீதிமன்றத்திலும் ஒரு மதிப்பு.

எழுத்துப் பிழை என்றால் பதிவாளரே பார்த்துத் திருத்துவார். விவரமே மாறியிருக்கிறது என்று அவர் நினைத்தால், விஷயம் தெரிந்த, நம்பகமான இரண்டு பேரின் உறுதிமொழி கேட்பார். ஆதாரங்களைப் பொறுத்தவரை என் அனுபவத்தில் சொல்கிறேன்: பிள்ளை பிறப்பதற்கு முன்பே இருந்த காகிதத்துக்குத்தான் எடை அதிகம். நேற்று வாங்கிய ஆதாரைவிட மருமகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் மேல். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துக்கொள். பதிவாளருக்குத் தகவல் கொடுத்தது ஆஸ்பத்திரி என்பதால் அங்கிருந்து ஒரு கடிதம் கேட்டாலும் கேட்பார்கள். இன்னொன்றும் பார். மருமகள் கர்ப்பமானபோது கிராம சுகாதாரச் செவிலியர் பிக்மி என்ற கர்ப்பப் பதிவுத் தளத்தில் பதிந்து 12 இலக்க எண் கொடுத்திருப்பாரே, அதிலேயே 'செல்வி' என்று இருக்கிறதா? பிழை பெரும்பாலும் அங்கே பிறந்து சான்றிதழ் வரை நடந்து வரும். அங்கே இருந்தால் அதையும் மாற்றச் சொல். அடுத்த பிரசவத்துக்கு மறுபடி இதே கதை வேண்டாம்.

நல்லவேளை, பிள்ளையின் பெயர்க் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. ஓராண்டுக்குள் பெயரைப் பதிந்தால் கட்டணம் கிடையாது. அதன் பிறகு 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு பதியலாம். அதற்காகப் பதினைந்து வரை காத்திருக்காதே! ஆனால் பதியும் முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள். பதிந்த பெயரில் எழுத்து தவறியிருந்தால் திருத்தலாம், பெயரையே மாற்றுவது திருத்தத்தில் சேராது. யாழினி என்றுதான் வைக்கப்போகிறீர்கள் என்றால் ஆங்கிலத்தில் ழகரத்துக்கு இசட் எச் போடுவதா, எல் போடுவதா என்பதை இப்போதே பேசி வையுங்கள். இனிஷியலை விரித்து எழுதுவதா என்பதையும்தான். கவுன்டரில் நின்றுகொண்டு மருமகளுக்குப் போன் போட்டுக் கேட்கிற விஷயமில்லை இது.

வாசலில் புரோக்கர் நிற்பான், ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்பான். அவனிடம் அசல் காகிதம் எதையும் கொடுக்காதே. மனுவுக்கு ஒப்புகை வாங்கிக்கொள். முடியாது என்று வாயால் சொன்னால், அதை எழுத்தில் தரும்படி மரியாதையாகக் கேள். பதிவாளரின் உத்தரவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்ய இப்போது சட்டத்தில் வழி இருக்கிறது. 90 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அந்த அளவுக்கு உன் விஷயம் போகாது என்றுதான் நினைக்கிறேன். புதுச் சான்றிதழ் வந்ததும் அதில் தமிழையும் ஆங்கிலத்தையும் தனித்தனியாக வாசித்துப் பார். ஒரு பக்கம் திருந்தி மறுபக்கம் அப்படியே நிற்பது உண்டு. பழைய பிரதிகளை எங்கும் கொடுக்காமல் கிழித்துப் போடு.

ஆஸ்பத்திரியில் பெயரைச் சொன்னது உன் மாமியாராகவே இருந்தாலும் இதற்காக அவரை ஒரு சொல் சொல்லிவிடாதே. மகளுக்கு வலி எடுத்து உள்ளே கொண்டுபோகிற நேரத்தில் எந்தத் தாய்க்கும் வாயில் வருவது வீட்டுப் பெயர்தான். உறுதிமொழி கேட்டால் அந்த இருவரில் ஒருவராக அவரையே கையெழுத்துப் போடச் சொல். நடந்தது அவரைவிட யாருக்குத் தெரியும்? உறவினர் வேண்டாம் என்று அலுவலகத்தில் சொன்னால் மருமகளுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் யாராவது அந்த ஊரில் இருப்பார், அவரிடம் முன்கூட்டியே பேசி வை.

உன் பெரியப்பா