ஒரு பேட்ச், ஒரு மாற்றம்



லினக்ஸ் கர்னலின் மூலநிரலில் செய்த திருத்தத்தை, அந்தப் பகுதியைக் கவனிக்கும் பராமரிப்பாளரின் பார்வைக்குக் கொண்டுசெல்லும் கோப்புதான் பேட்ச். பழைய நிரலுக்கும் புதிய நிரலுக்கும் உள்ள வேறுபாடு அதில் இருக்கும்: நீக்கிய வரிக்கு முன்னால் கழித்தல் குறி, சேர்த்த வரிக்கு முன்னால் கூட்டல் குறி, இடம் தெரிவதற்காக மேலும் கீழும் மும்மூன்று வரிகள். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய கர்னலுக்கு இன்றும் பெரும்பாலான பேட்ச்கள் மின்னஞ்சலில்தான் வருகின்றன. அவர் 2005-இல் எழுதிய கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி இந்த வேலையை எளிதாக்கியது.

பராமரிப்பாளரின் தற்போதைய கிளையை இறக்கிக்கொள்வது முதல் படி. பழைய நகலில் செய்த திருத்தம் புதிய நிரலோடு பொருந்தாமல் போகலாம்.

அடுத்த விதியே எல்லாவற்றிலும் முக்கியமானது: ஒரு பேட்சில் ஒரு மாற்றம்தான் இருக்க வேண்டும். பிழைதிருத்தமும் பெயர் மாற்றமும் இடைவெளிச் சீரமைப்பும் கலந்து வந்தால், எந்த வரி எதற்காக மாறியது என்று படிப்பவர் தேடிச் சலித்துப்போவார். பின்னாளில் புதுப் பிழை முளைத்தால், அதைக் கொண்டுவந்த மாற்றம் எது என்று கிட் பைசெக்ட் காட்டிக்கொடுக்கும். அந்த மாற்றம் சிறியதாக இருந்தால்தான் காரணம் சட்டென்று பிடிபடும். பல பேட்ச்கள் தொடராகப் போகும்போது, ஒவ்வொன்றையும் சேர்த்த பிறகும் கர்னல் கம்பைல் ஆகி ஒழுங்காக ஓட வேண்டும்.

நிரலுக்குத் தரும் கவனத்தைப் பேட்சோடு போகும் விளக்கக் குறிப்புக்கும் தர வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு டிரைவர் நினைவகம் ஒதுக்கிக்கொண்டு சாதனத்தைத் தொடங்கப் பார்க்கிறது. தொடக்கம் தோற்றால், ஒதுக்கியதை விடுவிக்காமலே திரும்பிவிடுகிறது. இதைச் சரிசெய்யும் பேட்சுக்கு ‘பிழை சரிசெய்யப்பட்டது’ என்று தலைப்பிட்டால் எதுவும் விளங்காது. துணை அமைப்பின் பெயர், முக்காற்புள்ளி, பிறகு ‘தொடக்கம் தோற்றால் நினைவகத்தை விடுவி’ என்பதுபோல ஏவல் நடையில் ஒரு வரி. மொத்தம் 75 எழுத்துக்குள். அதன்கீழ், சிக்கல் எப்போது நேர்கிறது, திருத்தம் ஏன் சரியானது என்ற விளக்கம். பிழையைப் புகுத்திய பழைய மாற்றம் தெரிந்தால், ‘ஃபிக்ஸஸ்’ வரியில் அதன் அடையாளத்தின் முதல் 12 எழுத்துகளும் தலைப்பும் இடம்பெறும். எந்தெந்தப் பழைய பதிப்புகளுக்குத் திருத்தம் தேவை என்பதை அந்த வரி உணர்த்தும்.

குறிப்பின் முடிவில் ‘சைன்டு-ஆஃப்-பை’ என்ற வரியில் அனுப்புபவரின் பெயர் வரும். இது 2004-இல் வந்த வழக்கம். அந்த நிரலைத் திறமூல உரிமத்தின்கீழ் தரத் தமக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி.

பிறகு செக்பேட்ச் ஸ்கிரிப்ட் நடைப்பிழைகளைக் காட்டும். கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும். கிட் சென்ட்-இமெயில் கட்டளையால், இணைப்பாக அல்லாமல் மடலின் உடலிலேயே வெறும் உரையாக அனுப்புவதே முறை. சாதாரண மின்னஞ்சல் செயலிகள் டேப்களை இடைவெளியாக்கி, நீண்ட வரிகளை மடித்து, பேட்சைப் பயனற்றதாக்கிவிடும்.

பதில் வராவிட்டால் குறைந்தது ஒரு வாரம் பொறுத்து நினைவூட்டலாம். விமர்சனம் வந்தால், ஒவ்வொரு கேள்விக்கும் அதன்கீழேயே பதில் எழுத வேண்டும். திருத்திய பேட்ச் ‘வி2’ என்ற அடையாளத்தோடு போகும். என்ன மாறியது என்பது மூன்று சிறுகோடுகளுக்குக் கீழே வரும். அந்தப் பகுதி நிரல் வரலாற்றில் பதிவாகாது. ஏற்கப்பட்ட பேட்ச் பராமரிப்பாளரின் கிளையில் சேர்ந்து, லினக்ஸ்-நெக்ஸ்ட் என்ற சோதனைக் கிளையில் சோதிக்கப்பட்டு, பிறகு டோர்வால்ட்ஸின் கிளையைச் சேரும். புதிய வசதிகளுக்கு அங்கே கதவு திறப்பது, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பின்வரும் 2 வாரங்களில்தான்.

சேர்ந்த பிறகும் பொறுப்பு தீராது. அந்த மாற்றத்தால் எங்கோ ஒரு கணினி நின்றுபோனதாகப் புகார் வந்தால், முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அதை எழுதியவரே.