பழைய லேண்ட் ரோவரை வீட்டில் மீட்டெடுக்கும் முறை

1948-இல் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி 1985 வரை சீரிஸ் 1, 2, 2ஏ, 3 என வெளிவந்த லேண்ட் ரோவர் வண்டிகளின் மேலுடல், போருக்குப் பின் பிரிட்டனில் எஃகு பங்கீட்டில் இருந்த காரணத்தால், பிர்மாபிரைட் எனப்படும் அலுமினியக் கலவையால் அமைக்கப்பட்டது. அது துருப்பிடிப்பதில்லை, ஆகவே வெளித்தோற்றத்தில் நலமாக நிற்கும் வண்டியில், முழு எடையையும் தாங்கும் எஃகுச் சட்டகமாகிய சேசிஸும், எஞ்சின் அறையை ஓட்டுநர் பகுதியிலிருந்து பிரிக்கும் எஃகுச் சுவராகிய பல்க்ஹெட்டும் உள்ளுக்குள் அரித்துப் போயிருப்பது உண்டு.

எனவே முதல் வேலை சோதனை. சேசிஸ் உள்ளீடற்ற பெட்டி வடிவினது என்பதால் தேங்கும் நீர் அதை உள்ளிருந்தே தின்னும். பின்புறக் குறுக்குச் சட்டத்தையும் லீஃப் ஸ்பிரிங் எனப்படும் பட்டைச் சுருள்கள் பிணையும் இடங்களையும் சிறு சுத்தியலால் தட்டி, ஓசை மந்தமாக ஒலிக்கும் இடத்தைத் திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். அலுமினியமும் எஃகும் ஈரத்தோடு தொடும் இடங்களில் மின்வேதி அரிப்பு நிகழ்ந்து அலுமினியம் வெண்பொடியாக உதிரும்; மீண்டும் பூட்டும்போது இடையில் தடுப்புப் பூச்சு தேவை.

பல ஆண்டுகள் நீளும் பணியில் நினைவை நம்பலாகாது. கழற்றுமுன் படமெடுத்து, ஒவ்வொரு இணைப்பின் நட்டு போல்ட்டுகளையும் பெயரெழுதிய தனிப்பையில் இடுவது இன்றியமையாதது. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பிரித்துப் போடுவதைவிட, ஒரு பகுதியை முடித்து அடுத்ததைத் தொடுவதே நன்று. வண்டிக்கு அடியில் செல்லுமுன், ஜாக்கை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளை நிறுத்த வேண்டும்.

இப்பணியில் மிகுந்த பொறுமையைக் கோருவது பல்க்ஹெட். கதவுகள் அதில்தான் தொங்குகின்றன. அது சிறிது சாய்ந்தாலும் கதவு, கண்ணாடிச் சட்டம், முன் மட்கார்டு யாவும் பொருந்தாமற்போகும். ஆகவே அதைச் சேசிஸில் தளர்வாகப் பூட்டி, கதவுகளைத் தொங்கவிட்டு, இடைவெளி மேலிருந்து கீழ்வரை சீராகும் வரை நகர்த்திய பின்னரே வெல்டிங்கும் வண்ணமும் தொடங்கலாம். ஏறத்தாழ 450 பாகை செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் முக்கும் கால்வனைசிங் நெடுங்காலம் காக்கும் என்றாலும், அவ்வெப்பம் மெல்லிய தகட்டை வளைக்கக்கூடும் என்பதால், முக்கிய பிறகும் பொருத்திப் பார்ப்பது கடமை. துத்தநாகம் பூசிய எஃகை வெல்டிங் செய்யுமுன் அப்பூச்சை அரைத்து நீக்காவிடில் எழும் புகை உடலுக்குத் தீங்கானது.

எஞ்சின் இவ்வளவு சிக்கலானதன்று. பரவலாகக் காணப்படும் 2,286 சிசி பெட்ரோல் எஞ்சினைப் பிரிக்குமுன் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்தால், பிரிக்கத் தேவையில்லை என்றே தெரியவரலாம். பிரேக்கில் சிக்கனம் கூடாது: பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடுமாதலால் தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து, ரப்பர் குழாய்கள் அனைத்தையும் புதிதாக்க வேண்டும். வயரிங்கில், 1967-க்கு முந்தைய வண்டிகளில் பாட்டரியின் நேர்முனையே சேசிஸோடு இணைந்திருந்தது. இதை அறியாமல் இக்காலக் கருவிகளைப் பொருத்தினால் அவை பழுதாகும்.

முதல் ஓட்டத்துக்குப் பின் பட்டைச் சுருள்களை அச்சோடு பிணைக்கும் யு-போல்ட்டுகளையும் சக்கர நட்டுகளையும் மீண்டும் முறுக்கி, முன்சக்கரங்கள் திரும்பும் கோள மூட்டுகளில் எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.