முகப்பருவும் கரும்புள்ளியும்

பருவ வயதில் ஹார்மோன்கள் நம் தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. மிகுதியாகச் சுரக்கும் எண்ணெய், இறந்த தோல் செல்களுடன் கலந்து மயிர்த்துளையை அடைக்கிறது. துளையின் வாய் திறந்திருந்தால், மெலனின் என்னும் நிறமியும் காற்றுப்பட்ட எண்ணெயும் கருத்துத் தோன்றும். இதுவே கரும்புள்ளி. இது அழுக்கன்று, ஆகவே அழுத்தித் தேய்த்தாலும் போகாது. அடைப்பினுள் பாக்டீரியா பெருகி வீங்கிச் சிவந்தால் அது பரு.

தோழியரே! நகத்தாலோ, ஊக்காலோ, கடையில் விற்கும் கம்பிக் கருவியாலோ இவற்றைப் பிதுக்காதீர்கள். பிதுக்கினால் துளையின் சுவர் உள்ளே உடைந்து வீக்கம் ஆழமாகப் பரவும். சில நாளில் தானே ஆறக்கூடிய பரு, வாழ்நாள் முழுதும் மாறாத குழியாகிவிடலாம்.

பின் என்ன செய்வது?

1. காலையும் மாலையும் மென்மையான சோப்பினால் முகம் கழுவி, துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

2. கரும்புள்ளிக்கு 2 சதவீதத்துக்கு மேற்படாத சாலிசிலிக் அமிலம் ஏற்றது. பருவுக்கு 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு போதும். அது பட்டால் தலையணை உறை வெளுக்கும். பலன் தெரிய 6 முதல் 8 வாரமாகும்.

3. தலை எண்ணெய் நெற்றியில் வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. எலுமிச்சைச் சாறும் பற்பசையும் தோலைப் புண்ணாக்கும். சிவப்பழகுக்கென்று பூசும் ஸ்டீராய்டு களிம்பு பருவைப் பெருக்கும்.

வலியுள்ள பெரிய கட்டிகள் தோன்றினால் தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு பெற்றோரைக் கேளுங்கள்.

பரு வருவது குற்றமன்று, வயதின் இயல்பு. பிறர் முகத்தைக் கண்டு கேலி செய்யாதிருப்போம். பொறுத்தார் பூமி ஆள்வார். பொறுத்த முகமும் தழும்பின்றித் தெளியும்.