முதலில் எது வேலை செய்கிறது?

அன்று ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு அலகுத் தேர்வு. வினாத்தாளை முடித்து அச்சிட்டுவிடலாம் என்று காலையில் மடிக்கணினியைத் திறந்தால் இணையம் வரவில்லை. வைஃபை பெயர் தெரிகிறது. கடவுச்சொல்லைக் கொடுத்தால் "இணைக்க முடியவில்லை" என்கிறது. அச்சுப்பொறியும் அப்படியே. முந்தின இரவு வரை நன்றாக இருந்த வீடு.

நாங்கள் மோடம் என்று அழைக்கும் அந்தப் பெட்டியின் சரியான பெயர் ரவுட்டர். அதற்குள்ளும் ஒரு சிறிய கணினி இருக்கிறது. அதை இயக்கும் மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். இணையச் சேவை தருபவர்கள் நாம் தூங்கும் நேரத்தில் அதைத் தொலைவிலிருந்தே புதுப்பிப்பதுண்டு. பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்ய இது தேவையானதுதான். எங்கள் வீட்டிலும் அன்றிரவு அதுவே நடந்திருந்தது. அது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

முதலில் ரவுட்டரை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போட்டேன். அதில் தவறில்லை, பல கோளாறுகள் அதிலேயே தீர்ந்துவிடும். தீரவில்லை. அப்போது மகன், "அம்மா, என் போன்ல வருதே" என்றான். நான் அதைக் காதில் வாங்கவில்லை. பெட்டியின் பின்புறம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். ஊக்கு ஒன்றை எடுத்து, அதற்குள் பத்து விநாடி அழுத்திப் பிடித்தேன். எல்லாவற்றையும் அழித்து ஆரம்பத்திலிருந்து தொடங்கினால் சரியாகிவிடும் என்று நம்பிக்கை.

அதன் பிறகு வீட்டில் யாருக்குமே இணையம் இல்லை.

அந்தத் துளை ரவுட்டரில் நாம் செய்துவைத்த அமைப்புகளையெல்லாம் அழித்துவிடும். இணைப்புக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பல இடங்களில் ரவுட்டருக்குள்தான் பதிவாகியிருக்கும். அவையும் போய்விட்டன. இணைப்புக் கொடுத்த நாளில் எழுதித் தந்த தாள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. இதில் இன்னொரு வேடிக்கை, ரீசெட் செய்வதால் பழைய ஃபர்ம்வேர் திரும்பி வராது. புதியது அப்படியே இருக்க, சரியாக இருந்தவை மட்டும் அழிந்திருந்தன.

மகன் பன்னிரண்டாம் வகுப்பு. அன்று மாலை 4 மணிக்கு அவனுக்கு இணையவழி மாதிரித் தேர்வு. என் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் எழுதினான். நாள் முழுக்க எல்லோரும் அதையே பயன்படுத்தியதால் அன்றைய டேட்டா தேர்வின் நடுவில் தீர்ந்துபோனது. கடைசிப் பக்கங்கள் திறக்கவே இல்லை. அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை இணைப்புப் பழுது பார்க்கும் தம்பி வந்தார். பயனர் பெயர், கடவுச்சொல் போட்டு ஐந்து நிமிடத்தில் இணையத்தைக் கொண்டுவந்தார். மடிக்கணினி மட்டும் அப்போதும் சேரவில்லை. அவர் கேட்டார்: "டீச்சர், அன்னைக்கு எது எது வேலை செஞ்சுது, எது எது செய்யல?"

மகனின் கைப்பேசியில் வந்தது. பழைய மடிக்கணினியிலும் பழைய அச்சுப்பொறியிலும் வரவில்லை என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு கருவியிலாவது இணையம் வந்திருந்தால் வெளியிலிருந்து வரும் இழைக் கம்பியிலோ ரவுட்டரிலோ பெரிய பழுது இருக்க வாய்ப்பில்லை. கோளாறு பழைய கருவிகளுக்கும் ரவுட்டருக்கும் இடையில் எங்கோ இருக்கிறது.

வைஃபையைப் பூட்டும் முறைக்கு டபிள்யூபிஏ என்று பெயர். அதன் மூன்றாம் பதிப்பு 2018-இல் வந்தது. புதுப்பித்தலில் எங்கள் ரவுட்டர் அந்த மூன்றாம் பதிப்புக்கு மட்டும் என்று மாறியிருந்தது. மகனின் புதிய கைப்பேசிக்கு அந்தப் பூட்டு தெரியும். அதற்கு முன்பே வாங்கிய மடிக்கணினிக்குத் தெரியாது. கடவுச்சொல் சரியாக இருந்தாலும் பயனில்லை. கைப்பேசியின் உலாவியில் 192.168.1.1 என்று அடித்து ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இரண்டாம், மூன்றாம் பதிப்புகள் இரண்டையும் ஏற்கும்படி அந்தத் தம்பி மாற்றினார். எல்லா ரவுட்டருக்கும் இதே எண் இருக்காது. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் பார்க்கலாம். மடிக்கணினியில் பழைய இணைப்பை மறக்கச் செய்து, மறுபடி கடவுச்சொல் கொடுத்ததும் சேர்ந்துவிட்டது.

முன்பு எங்கள் வீட்டில் வைஃபைக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. புதுப்பித்தலில் அவை ஒன்றாகியிருந்தன. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ்: வேகம் குறைவு, ஆனால் சுவர் தாண்டிப் போகும். மற்றது 5 கிகாஹெர்ட்ஸ்: வேகம் அதிகம், எட்டும் தூரம் குறைவு. பெயரின் கடைசியில் 5ஜி என்று இருந்தால் அது இதைத்தான் குறிக்கும். கைப்பேசி நிறுவனங்களின் 5ஜி வேறு. பல அச்சுப்பொறிகள் 2.4-இல் மட்டுமே சேரும் என்பதால் பெயர்களை மீண்டும் இரண்டாகப் பிரித்தார்.

உங்கள் வீட்டில் இப்படி நேர்ந்தால் ஊக்கைத் தேடாதீர்கள். ரவுட்டரின் விளக்குகளைப் பாருங்கள். எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் இழைக் கம்பியில் கோளாறு. புகார் கொடுப்பதைத் தவிர நம்மால் ஆவது ஒன்றுமில்லை. அது எரியவில்லையென்றால் இரண்டு மூன்று கருவிகளில் சோதியுங்கள். கைப்பேசியில் சோதிக்கும் முன் மொபைல் டேட்டாவை மறக்காமல் அணைத்துவிடுங்கள். இல்லையேல் வைஃபை வேலை செய்வதுபோல் நம்மை ஏமாற்றிவிடும். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. ரீசெட் செய்தே ஆகவேண்டுமென்றால், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கையில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

அந்தத் தம்பி கேட்ட கேள்வி அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. ஏழாம் வகுப்பில் வகுத்தல் வராத மாணவன் ஒருவன் இருந்தான். ஜூன் மாதத்திலிருந்து அவனை 2-ஆம் வாய்பாட்டிலிருந்து எழுதவைத்துக்கொண்டிருந்தேன். ஊக்கைப் பிடித்து அழுத்திய அதே கை.

மறுநாள் அவனுடைய பழைய நோட்டை எடுத்து, தவறான கணக்குகளை விட்டுவிட்டுச் சரியானவற்றை மட்டும் பார்த்தேன். 848 ÷ 4 = 212, சரி. 639 ÷ 3 = 213, சரி. 725 ÷ 5 = 145, மீதியைச் சேர்த்து இறக்கும் கணக்கு, அதுவும் சரி. பிறகு தவறானவை: 612 ÷ 6-க்கு 12 என்று எழுதியிருந்தான். 824 ÷ 8-க்கு 13. 535 ÷ 5-க்கு 17. வாய்பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஈவின் நடுவில் பூச்சியம் வரும் கணக்குகள் மட்டுமே தவறியிருந்தன. அந்த நோட்டு ஆறு மாதமாக என் மேசையில்தான் இருந்தது.

அவனை அருகில் உட்காரவைத்து 612-ஐச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னேன்.

"6-ல ஒரு தடவை போகும். 1-ஐ இறக்கணும். 1-ல 6 போகாது. 2-ஐ இறக்கணும். 12-ல ரெண்டு தடவை போகும்."

"போகாதுன்னு சொன்னியே, அதை எங்கே எழுதினே?"

"போகாதுன்னா ஒன்னும் எழுத வேணாம்னு நினைச்சேன் டீச்சர்."

12-ஐ 6-ஆல் பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். 72 வந்தது. கொஞ்ச நேரம் அதையும் 612-ஐயும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு 1-க்கும் 2-க்கும் நடுவில் இடமில்லாத இடத்தில் ஒரு சின்னப் பூச்சியத்தை நுழைத்தான். 824-ஐ நான் சொல்வதற்குள் அவனே போட்டுவிட்டான். "அப்ப இனிமே வாய்பாடு எழுத வேணாமா டீச்சர்?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.